பூங்கோதை டிக் அடித்த கண்ணாடி

எஃகுக் குண்டு கண்ணாடியின் மேல் விழுந்தது, கண்ணாடிக்குள் புகுந்தது, அந்தப் பக்கமாக இறங்கிக் கீழே இருந்த தட்டில் டங்கென்று போய் உட்கார்ந்தது. கண்ணாடி உடையவில்லை. விரிசல் இல்லை, கீறல் இல்லை, குண்டு நுழைந்த ஓட்டைகூட இல்லை. பூங்கோதை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள், உயரத்தைக் கூட்டி மூன்றாவது தடவையும் போட்டாள், மூன்று தடவையும் குண்டு தட்டில்தான் கிடந்தது. அவள் கையில் இருந்த படிவத்தில் இரண்டே கட்டம்: ‘உடைந்தது’ என்று ஒன்று, ‘உடையவில்லை’ என்று ஒன்று. ‘வழி விட்டது’ என்று மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று அந்தப் படிவத்தை அச்சடித்த புண்ணியவானுக்குத் தோன்றாமல் போனால் அதற்கு அவள் என்ன செய்வாள்? ‘உடையவில்லை’யில் டிக் அடித்தாள், கீழே தன் பணியாளர் எண்ணை எழுதினாள், அடுத்த கண்ணாடியை எடுத்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சிப்காட்டுக்குள் இருக்கிற தொழிற்சாலை அது. செல்போனுக்கு மேலே இருக்கிறதே, நாம் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கண்ணாடியைச் செய்கிற இடம். கண்ணாடியை அளவுக்கு வெட்டி, ஓரம் மழுக்கி, கடைசியில் உருக்கிய உப்பில் ஆறு மணி நேரம் முக்கி வைப்பார்கள், அதற்குப் பெயர் உப்புக் குளியல். அந்தச் சூட்டில் கண்ணாடிக்குள் இருக்கிற சின்னச் சின்ன சோடிய அணுக்கள் இறங்கிப் போகும், உப்பில் இருக்கிற பெரிய பொட்டாசிய அணுக்கள் அந்த இடத்தில் ஏறி உட்காரும். டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பருத்த ஆட்கள் உட்கார்ந்தால் எப்படி நெருக்கும், அப்படி நெருக்கும், அந்த நெருக்கம்தான் கண்ணாடிக்குப் பலம்.

பூங்கோதை பரிசோதித்த இந்தத் தொகுதிக் கண்ணாடி மட்டும் ஆறு மணி நேரத்துக்குப் பதில் பதினெட்டு மணி நேரம் குளித்துவிட்டது. காரணம் ஆயுத பூஜை. பூசணிக்காய் வாங்கப் போன ஷிப்ட் லீடர் தாமதமாக வந்தார், பூசாரிக்கு இன்னும் நாலு கம்பெனி பாக்கி இருந்தது, அந்த அவசரத்தில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுக் கற்பூரமும் காட்டி முடித்த பிறகுதான், குளியல் தொட்டிக்குள் கண்ணாடி இருப்பது ஞாபகம் வந்தது. பொட்டு வைத்த மெஷினை மறுநாள் காலைப் பூஜை முடியாமல் யாராவது தொடுவார்களா? தர மேலாளர் துவாரகநாத் சார் வெளிநாட்டில் படித்தவர், அவரே, “விடுங்கப்பா, சாமி காரியம், காலையில பாத்துக்கலாம்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்படி ராத்திரி முழுக்க உப்பிலேயே கிடந்தவை, மாதிரிக்கு எடுத்து அனுப்பிய ஒன்றிரண்டு போக, நானூற்றுப் பன்னிரண்டு போன் கண்ணாடிகளும் ஒரே ஒரு பெரிய கண்ணாடியும். அந்தப் பெரியது, அதிகாரிகள் கூட்டம் போடுகிற அறையின் திரைக்காகச் செய்தது. அதைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். சின்னவை போன்களாகித் தீபாவளிக்கு முன்பே திரும்பி வந்தன, ‘உங்கள் கண்ணாடி உங்கள் கையில்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து, ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொன்று தீபாவளிப் பரிசாகக் கொடுத்தார்கள்.

பூங்கோதைக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம், கணவன் சிங்காரவேல் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவன், பெண்பிள்ளை இனியாளுக்கு நாலு மாசம். மூணு மாசத்தில் வேலைக்குத் திரும்பாவிட்டால் இடம் போய்விடும் என்றார்கள், திரும்பிவிட்டாள். கம்பெனி ஹாஸ்டலில் குழந்தைகளுக்கு இடமில்லை, ஆண்களுக்கு வாசற்படியில்கூட நிற்க இடமில்லை. அங்கே ஊரில், அப்பன் கையில், பிள்ளை புட்டிப் பாலைத் துப்பியது, சங்கில் புகட்டினால் கடைவாயில் வழிய விட்டது, ஆறு கிலோ இருக்க வேண்டியது நாலரையிலேயே நின்றது. இங்கே பூங்கோதை குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பாலைப் பிழிந்து பிழிந்து தண்ணீரோடு ஊற்றினாள். பெற்றவள் வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்கள்!

தீபாவளிக்கு மறுநாள் மதியம், முதல் ஷிப்ட் முடிந்து வந்து, பதினேழாம் எண் அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதுப் போனில் வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். பிள்ளை முகம் வந்தது. கன்னத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. பூங்கோதைக்கு எட்டு மணி நேரமும் அதே வேலை, கண்ணாடியில் புள்ளியைக் கண்டால் துடைக்க வேண்டியது, துடைத்தும் போகாவிட்டால் ஒதுக்க வேண்டியது. கை தன்னால் போனது. கட்டை விரலால் கண்ணாடியில் ஒரு இழுப்பு இழுத்தாள். பொட்டு போய்விட்டது, விரலில் மாவு ஒட்டியிருந்தது. பிள்ளை தலையைத் திருப்பி அந்த விரலைக் கவ்விக்கொண்டது.

“ஏங்க, பிள்ள மூஞ்சியத் தொடைக்கக்கூட நேரமில்லையா ஒங்களுக்கு? காலையில தோசைக்குக் கரைச்ச மாவு இன்னும் கன்னத்துலயே இருக்கு.”

“பொங்கலுக்கு இப்பவே பதினாலு ஜாக்கெட் இருக்கும்மா,” என்றான் சிங்காரவேல். பிறகுதான் மனைவியின் விரல் தன் போனிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். “வெரல எடுத்துடாத, பாப்பா சப்புறா,” என்றான்.

எதிர்க் கட்டிலில் இருந்த ஜெபமலர் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. எட்டிப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். “ஏட்டி, வெரலு போகுதுன்னா அதுக்குப் பசிக்குப் பால் போகாதா? என்னட்டி முழிச்சிக்கிட்டு இருக்க?” என்றாள். அறையில் இருந்த நாலு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பூங்கோதை துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனை மாரோடு வைத்துக்கொண்டாள். முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இனியாள் இரண்டு மடக்கு குடித்தது, மூச்சு வாங்கியது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது பாருங்கள், மடக் மடக்கென்று அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாலு பேரும் அழுதார்கள், ஜெபமலர் அழுதுகொண்டே, “மொடாக்குடிச்சி!” என்று பிள்ளையைத் திட்டினாள்.

அன்றைக்கே சிங்காரவேல் இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டான். தையல்காரன் அல்லவா, அளக்காமல் அவனுக்கு எதுவும் மனசில் நிற்காது. போனில் விரல் வருகிற வாசல் குறுக்கே இரண்டே முக்கால் இஞ்ச், நீளம் ஆறு இஞ்ச். தன் போனில் அளந்தான். பக்கத்து வீட்டுக்காரரின் கையகல போனில் அளந்தான், விரிசல் விட்டது அது, ஆனாலும் அதே அளவு. பள்ளிக்கூட வாத்தியாரிடம் பலகை மாதிரி ஒரு டேப்லெட் இருந்தது, அதைக் கெஞ்சி வாங்கி வந்து அதிலும் அளந்தான், அதிலும் இரண்டே முக்காலுக்கு ஆறு.

“இங்க எந்தப் போனா இருந்தாலும் கணக்கில்லம்மா. வாசல் ஒன் பக்கத்துக் கண்ணாடி அளவுதான்.”

“பாப்பா தலைச் சுத்து?”

அளந்தான். “பதினஞ்சரை.”

“போவாது.”

“போவாது,” என்றான் அவன், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு.

பிள்ளையை அப்படியே இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொள்ள முடியாது என்று தெரிந்துபோனது. சரி, கிடைத்தது பால், அதை விடுவானேன்? தினம் நாலு வேளை, ஷிப்டுக்கு முன்னால் ஒன்று, சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று, ஷிப்டு முடிந்து இரண்டு. மார்கழி பிறப்பதற்குள் பிள்ளை ஆறு கிலோவைத் தொட்டுவிட்டது.

இதற்குள் ஹாஸ்டல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? திருவிழா ஆயிற்று! நானூற்றுப் பன்னிரண்டு போனும் வாயைத் திறந்தன, நானூற்றுப் பன்னிரண்டு ஊரும் உள்ளே வந்தன. திருச்செந்தூரிலிருந்து பனங்கிழங்கு வந்தது, பண்ருட்டியிலிருந்து முந்திரிப்பருப்பு வந்தது, முருங்கைக்காய் நீளவாக்கில் ஒய்யாரமாக வந்தது, இட்லியைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் வந்தது, தேங்காய்தான் கடைசி வரைக்கும் வரவில்லை, அதைத் துருவிக் கிண்ணத்தில் வைத்து ஊட்டுகிற மாதிரி கரண்டி கரண்டியாக அனுப்பினார்கள். கருவாடு வந்த அன்று மட்டும் வார்டன் சகுந்தலா மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கி, ‘கருவாடு வரும் அழைப்புகளை மொட்டை மாடியில் பேசவும்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினார், ஒட்டிய கையோடு அறைக்குப் போய்த் தாளிட்டுக்கொண்டு அரக்கோணத்தில் இருந்த தன் தங்கையைக் கூப்பிட்டு வத்தக்குழம்பு வாங்கிக்கொண்டார்.

ஊர்ப் பக்கமும் சும்மா இல்லை. பேசுவதற்கு முன்னால் கையைக் கழுவுவது வழக்கமாயிற்று. போனை மணையில் மல்லாத்தி வைத்து, கை வரப்போகிறது என்றால் ஒரு தடவை செருமிவிட்டு நீட்ட வேண்டும் என்பது முறையாயிற்று. அறந்தாங்கியில் ஒருத்தியின் மகள் தினமும் காலையில் போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், அம்மா கை வெளியே வந்து பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டு, கடைசியில் முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது. காய்ச்சல் என்று எவன் சொன்னாலும் புறங்கை நெற்றியில் வந்து நின்றது, பொய்க்காய்ச்சல்காரப் பயல்கள் கூண்டோடு மாட்டினார்கள். குடித்துவிட்டு வந்த புருஷன்மார் போன் அடித்தால் எடுக்காமல் வைக்கோல்போரில் ஒளித்து வைத்தார்கள், எடுத்தால் அறை விழும் என்று தெரியும். ஜெபமலர் தன் தம்பியின் காதைத் திருக வேண்டும் என்று ஒரு எண்ணை மாற்றிப் போட்டு, தர்மபுரியில் ஒரு லாரி டிரைவரின் காதைத் திருகிவிட்டாள். அந்த மனுஷன், “யாருங்க இது, எங்கம்மா போனதுக்கப்புறம் எங்காதை யாரும் தொட்டதில்லீங்க” என்றான், அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ வந்தது. ஒரத்தநாட்டுக்காரி ஒருத்திக்கு அப்பா இறந்துபோனபோது லீவு கிடைக்கவில்லை. அறையில் எல்லாரும் எழுந்து நிற்க, அவளுடைய கை பிடி அரிசியோடு போனுக்குள் போய், அப்பாவின் வாயில் வாய்க்கரிசி போட்டுவிட்டு, அவர் தாடையை ஒரு தடவை தடவிவிட்டு வந்தது. அந்தக் கையை அவள் அன்றைக்கு முழுக்கக் கழுவவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். உப்பு அதிகம் ஊறியதால்தான் என்று ஒருத்தி சொன்னாள், சாமி கும்பிட்டுப் பொட்டு வைத்த தொட்டி அல்லவா என்று இன்னொருத்தி சொன்னாள், நெருக்கியடித்து உட்கார்ந்த அணுக்கள் எல்லாம் நம்மைப் பார்த்து இரக்கப்பட்டு எழுந்து இடம் விட்டன என்று ஜெபமலர் சொன்னாள். பிறகு யாருக்கோ முறுக்கு வந்தது, பேச்சு அதோடு நின்றது.

கம்பெனிக்கு முதலில் ஒரே சந்தோஷம். யாரும் லீவு கேட்பதில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுவதில்லை, கேன்டீனில் சாப்பாடுதான் மீந்தது. வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கண்ணாடி வாங்குகிற வெளிநாட்டு நிறுவனத்தில் பழைய படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்த லின் மேடம் என்கிற அதிகாரி, எந்த உயரத்திலிருந்து குண்டு போட்டாலும் ஒன்றுகூட உடையாத ஒரு தொகுதியைப் பார்த்துத் திகைத்து, எடுத்து வைத்திருந்த மாதிரிக் கண்ணாடியில் தானே குண்டு போட்டுப் பார்த்து, குண்டு மேசைக்கடியில் உருண்டு ஓட, அடுத்த விமானத்தைப் பிடித்து வந்து இறங்கினார். வந்த மறுநாளே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாயிற்று: தீபாவளிப் பரிசுப் போன்கள் அனைத்தும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குள் ஒப்படைக்கப்பட வேண்டும், அவற்றின் கண்ணாடிகள் மாலை ஐந்து மணிக்கு அரைவை இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கப்படும், வேறு போன் வழங்கப்படும். அதற்குக் கீழே இன்னொரு வரி: பரிசோதித்துக் கையெழுத்திட்ட பணியாளர் நான்கு மணிக்குக் கூட்ட அறையில் விளக்கம் தர வேண்டும். பக்கத்தில் பூங்கோதையின் எண்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று போனைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்தார்கள். அறந்தாங்கிக்காரி மகளுக்குச் சடை பின்னிக்கொண்டே வரிசையில் வந்தாள், ரிப்பனை முடிந்துவிட்டுத்தான் கொடுத்தாள். பூங்கோதை கடைசியாகப் பால் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, விரலை எடுக்க முடியாமல் நின்றாள். ஏழு மாசம் ஆகிறது பிள்ளைக்கு, தவழ்கிறது, ஆனால் கஞ்சியை நாக்கில் வைத்தால் துப்புகிறது, புட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறது. பால் ஒன்றுதான் அதன் உயிர். “கை எடும்மா,” என்று செக்யூரிட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நாலு மணிக்குக் கூட்ட அறைக்குள் நுழைந்தாள். ஐந்து வருஷ வேலையில் அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவை. நீள மேசை, சுழலும் நாற்காலிகள், ஊட்டிக் குளிர். மேசைக்கு அந்தப் பக்கம் துவாரகநாத் சாரும் லின் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். மேடத்துக்கு முன்னால் அந்த எஃகுக் குண்டும், பூங்கோதை டிக் அடித்த படிவமும் இருந்தன. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை.

“எதுக்கும்மா இப்படிப் பண்ணுன?” என்றார் துவாரகநாத் சார். “குண்டு உள்ள பூந்து போவுது, நீ பாட்டுக்கு உடையவில்லைன்னு டிக் அடிச்சிருக்க.”

“உடையல சார், அதான்.”

“தடுக்கணும்ல? தடுக்காததெல்லாம் ஒரு கண்ணாடியா?”

“தடுத்துச்சான்னு படிவத்துல கேக்கல சார். கேட்டிருந்தா இல்லைன்னு எழுதியிருப்பேன்.”

அவர் இதை ஆங்கிலத்தில் மேடத்துக்குச் சொன்னார். மேடம் படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். துவாரகநாத் சார், இன்றோடு வேலை இல்லை என்றும், கையெழுத்துப் போட்டுவிட்டு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் சொல்லிக்கொண்டே போனார். பூங்கோதை காதில் அது பாதிதான் விழுந்தது. அவள் கண் திரைக்குப் போய்விட்டது. கண்ணாடி பரிசோதிக்கிறவளுக்குக் கண்ணாடியைப் பார்த்தால் நடுவில் என்ன படம் ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றாது, மூலைதான் தெரியும். கீழே, இடது மூலையில், மயிரிழை எழுத்தில் தொகுதி எண் இருந்தது. படித்தாள். திரும்பவும் படித்தாள். ஆயுத பூஜைத் தொட்டி!

மூணு மாசமாக இந்தக் கண்ணாடி இந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை இதில் கடல் கடந்த மனிதர்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அதிகாரிகள் தள்ளி உட்கார்ந்து சிவப்பு வெளிச்சத்தால் சுட்டிக் காட்டுவார்களே தவிர, எழுந்து போய் ஒருவரும் அதைத் தொட்டதில்லை, அந்தப் பக்கம் தொட்டுப் பார்க்கிற மாதிரி அவர்களுக்கு யாரும் இருந்ததில்லை.

“சார், கடைசியா ஒரே ஒரு தடவ பரிசோதிச்சுக் காட்டிடறேன்,” என்றாள் பூங்கோதை.

“குண்டு இங்கதான் இருக்கு. போட்டுக் காட்டு.”

“குண்டு வேண்டாம் சார். அதுல ஒரு நம்பர் போடணும்.”

“வேலையே போயிடுச்சு, இப்ப யாருக்குப் போன்?” என்று அவர் எரிந்து விழ, லின் மேடம் கையைக் காட்டி நிறுத்தி, என்ன கேட்கிறாள் என்று விசாரித்து, போடட்டும் என்று தலையசைத்தார்.

பத்து எண்ணையும் மனப்பாடமாகத் தட்டினாள். திரை முழுக்கச் சிங்காரவேல் வந்தான். பின்னால் கொடியில் ஜாக்கெட்டுகள், கழுத்தில் டேப், மடியில் அழுது அழுது ஓய்ந்துபோன இனியாள். அதிகாரிகளைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

“என்னம்மா, ஆபீசுலேந்தா பேசுற? பாப்பாவுக்குக் காலையிலேந்து ஒண்ணும் எறங்கல. கஞ்சியும் துப்பிட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“ஏங்க, பாப்பா தலைச் சுத்து இப்ப எவ்வளவு?”

“போன வாரம் அளந்தேன். பதினாறே முக்கால். ஏன்?”

பூங்கோதை திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையை அகல விரித்து இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் தொட்டாள். “இந்தக் கண்ணாடி குறுக்கே மூணரை அடி. ஒசரம் ஆறடி. அதே தொட்டி, அதே குளியல்.”

தையல்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பிள்ளையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் கண் இரண்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

“போவும்!” என்றான்.

“போவும்! குடுங்க பிள்ளைய!” என்று கத்தினாள் பூங்கோதை.

அவன் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான். முதலில் கால் வந்தது, வெள்ளிக் கொலுசோடு, பிறகு அரைஞாண் கயிறு, பிறகு வயிறு, பிறகு அந்தப் பதினாறே முக்கால் இஞ்ச் தலை, ஒரு முடிகூட உரசாமல் முழுசாக வந்து, பூங்கோதையின் கையில் கனமாக விழுந்தது. ஐயோ, அந்தக் கனம்! மூணு மாசமாக வாயும் கன்னமும் விரலும் என்று துண்டு துண்டாகத் தொட்ட பிள்ளை, இப்போது முதுகும் தொடையும் உச்சந்தலை வாசனையுமாக மொத்தமாக மடியில் கிடந்தது. அவள் துவாரகநாத் சாருக்குப் பக்கத்தில் இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பெனியின் நீலக் கோட்டால் மூடிக்கொண்டு, யாரையும் கேட்காமல் பால் கொடுக்க ஆரம்பித்தாள். குளிர் அறைக்குள் வேதாரண்யத்து உப்புக்காற்று வீசியது, மேசையில் இருந்த தாள்கள் பறந்தன.

“இங்க குழந்தைங்களுக்கு அனுமதி கிடையாது! ரூல் இருக்கு!” என்றார் துவாரகநாத் சார். பிள்ளை அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மடக் மடக்கென்று குடித்தது. அவர் பறந்த தாள்களைப் பொறுக்கக் குனிந்துகொண்டார்.

லின் மேடம் எழுந்தார். திரைக்குப் போய் ஒற்றை விரலை நீட்டினார், விரல் வேதாரண்யத்துக்குப் போய்க் கொடியில் தொங்கிய ஜாக்கெட் ஒன்றின் கொக்கியைத் தொட்டுவிட்டு வந்தது. மேசையிலிருந்து எஃகுக் குண்டை எடுத்துத் திரையின் நடுவில் ஓங்கி எறிந்தார். சிங்காரவேல் பந்து பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டான். மேடம் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து, நாலு ஓரத்தையும், நாலு மூலையையும், குண்டு போன இடத்தையும், தொழில் தெரிந்தவர் பார்க்கிற மாதிரி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு பூங்கோதையிடம் வந்து, தன் மொழியில் ஏதோ கேட்டார். துவாரகநாத் சாருக்குப் புரியவில்லை. பூங்கோதைக்குப் புரிந்தது, பரிசோதனை முடிந்ததும் கேட்கிற கேள்வி உலகத்தில் எங்கேயும் ஒன்றுதானே.

“உடையல மேடம்,” என்றாள்.

மேடம் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். அதிலும் இரண்டே கட்டம்தான். பேனாவைத் திறந்தார், பால் குடிக்கிற பிள்ளையைப் பார்த்தார், ‘உடையவில்லை’யில் டிக் அடித்தார், கீழே தன் கையெழுத்தைப் போட்டார். துவாரகநாத் சாரிடம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார், அவர் போனை எடுத்து, “அரைவை மெஷின நிறுத்துங்க, ஆமா, நிறுத்துங்க, ஒண்ணும் உடைக்க வேண்டாம்,” என்றார்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, தாழ்வாரத்தில் அதற்குள் நானூறு பேர் காலடிச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது ஜெபமலர். பிள்ளையைப் பார்த்தாள், ஆள் உயர வாசலைப் பார்த்தாள். “ஏட்டி, அடுத்தது நானு! ஒருத்தியும் முந்தாதீய, வரிசையில நில்லுங்க!” என்று கூவிக்கொண்டே தர்மபுரி எண்ணை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அறந்தாங்கிக்காரி கையில் சீப்போடு நின்றாள்.

திரைக்கு அந்தப் பக்கம் சிங்காரவேல் குண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு தவித்தான். “ஏம்மா,” என்றான் மெதுவாக, “நானும் வரவா? ஆம்பளைங்க வரக் கூடாதும்பாங்களே.”

பூங்கோதை துவாரகநாத் சாரைப் பார்த்தாள். அவர் லின் மேடத்தைப் பார்த்தார். லின் மேடம் தன் நாற்காலியைத் திரைக்கு முன்னாலிருந்து இழுத்து ஓரமாகப் போட்டார்.

“மெஷினையும் தள்ளிட்டு வந்துடறேன், அளந்துட்டேன், நுழையும்,” என்று அவன் அவசர அவசரமாகக் காலைத் தூக்கினான்.

“ஏங்க, நில்லுங்க!” என்றாள் பூங்கோதை. “மொத மொதல்ல வர்றீங்க. வலது கால எடுத்து வச்சு வாங்க.”